சாதாரண நாளில் ஒரு நல்ல நிமிடத்தைப் பிடிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"நாள் எப்படிப் போச்சு?" என்று யாராவது கேட்டால், பல வருடங்களாக என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: "ஏதோ போச்சு." பொய் சொல்லவில்லை. காலையில் என்ன நடந்தது என்பதே மாலையில் எனக்கு உண்மையாகவே நினைவில்லை. நினைவில் நின்றதெல்லாம் எரிச்சல்கள் மட்டும்தான். தவறிப்போன பேருந்து, பதில் வராத மின்னஞ்சல், யாரோ சொன்ன ஒரு குத்தல் வார்த்தை.

இதைச் சரிசெய்ய மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் கைவிட்டேன். முதல் முறை, நாளுக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கிய தடிமனான டைரி வாங்கினேன். பதினோராவது நாளோடு சரி. இரண்டாவது முறை, கைப்பேசிச் செயலி. இரவு ஒன்பது மணிக்கு அது மணியடித்து நினைவூட்டும். நான் அதைத் தள்ளிவிட்டு வேறெதையோ பார்க்கப் போய்விடுவேன். மூன்றாவது முறை, நன்றிப் பட்டியல். குடும்பம், உடல்நலம், வேலை என்று எழுதினேன். மறுநாளும் குடும்பம், உடல்நலம், வேலை. ஒரே வாரத்தில் அது விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல ஆகிவிட்டது.

நான்காவது முயற்சி இரண்டு வருடங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் மூன்றில் நான் தடுக்கி விழுந்த இடங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தத்துவம் பேசப் போவதில்லை. என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே சறுக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1. எதைப் பிடிக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். 'மகிழ்ச்சி' என்ற சொல்லைக் கேட்டதும் மனம் பெரிய விஷயங்களைத் தேடும். பதவி உயர்வு, திருமணம், புது வீடு. அதெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை வந்தாலே அதிகம். அவற்றை எழுதிவைக்கத் தேவையும் இல்லை, தானாகவே நினைவில் நிற்கும். நாம் பிடிக்கப் போவது, பிடிக்காவிட்டால் அன்று இரவுக்குள் காணாமல் போகும் சமாசாரங்களை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. இன்று நடந்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கொஞ்சமாவது என்னை நிறுத்தியிருக்க வேண்டும். அவ்வளவு போதும்.

என் குறிப்பேட்டிலிருந்து சில:

பேருந்து ஜன்னலிலிருந்து முன்பின் தெரியாத குழந்தை கையசைத்தது, நானும் அசைத்தேன், அதன் அம்மா சிரித்தார்.

துவைத்துக் காய்ந்த போர்வையில் வெயில் சூடு இன்னும் இருந்தது.

எங்கேயோ ஒரு வீட்டில் ஓடிய பாட்டின் முதல் வரியைக் கேட்டேன். அடுத்த வரியை என் வாய் தானாகவே பாடியது.

தலையணையைத் திருப்பிப் போட்டேன். குளிர்ந்த பக்கம்.

கடைசியாக இருப்பதை எழுத முதலில் கூச்சமாக இருந்தது. இதையெல்லாமா எழுதுவது என்று தோன்றும். எழுதுங்கள்.

'தப்பித்தோம்' வகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் தேடிய சாவி சட்டைப் பையிலேயே இருந்தது, மழை வலுப்பதற்குள் வீட்டுக்குள் நுழைந்தது, பல் வலி நின்று இரண்டு மணி நேரம் கழித்து 'அட, வலியே இல்லையே' என்று கவனித்தது. மந்தமான நாட்களில் இந்த வகைதான் கைகொடுக்கும். அடுத்தவர் சந்தோஷமும் கணக்கில் வரும். ரயில் நிலையத்தில் யாரோ யாரையோ கட்டிக்கொள்வதை நீங்கள் பார்த்தீர்கள் என்றால் அது உங்களுக்கும் நடந்ததுதான்.

2. தேவையானவை, செலவு

சட்டைப் பையிலோ கைப்பையிலோ அடங்கும் ஒரு குறிப்பேடு. ஒரு பென்சில். முடிந்தது.

அழகான, விலை அதிகமான குறிப்பேட்டை மட்டும் வாங்காதீர்கள். தோல் அட்டை போட்ட ஒன்றை நான் வாங்கினேன். அதன் முதல் பக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயத்திலேயே இரண்டு வாரம் அது காலியாகக் கிடந்தது. 'தலையணையின் குளிர்ந்த பக்கம்' என்று எழுதத் தகுதியில்லாத பக்கம் போல அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் பாதி எழுதிக் கிடக்கும் பழைய நோட்டே நல்லது. சுவரில் மாட்டும் மாதக் காலண்டரும் அருமையாக வேலை செய்யும். ஒரு கட்டத்துக்குள் ஒரு வரிக்கு மேல் எழுத முடியாது என்பதே அதன் சிறப்பு.

கைப்பேசியில் எழுத விரும்பினால் எழுதலாம், ஆனால் தனிச் செயலி வேண்டாம். கைப்பேசியோடு வரும் சாதாரணக் குறிப்புப் பக்கம் போதும். அதை முகப்புத் திரையில் வைத்துவிடுங்கள். சிக்கல் எழுதுவதில் இல்லை. எழுதத் திறந்த கையோடு நாலு அறிவிப்புகள் கண்ணில் படும், இருபது நிமிடம் போய்விடும், எழுத வந்தது மறந்துவிடும். என் இரண்டாவது முயற்சி செத்தது இப்படித்தான்.

பணச் செலவு இவ்வளவே. நேரச் செலவு எழுதுவதற்கு இரண்டு நிமிடம். இவை தவிர, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது. எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். கடைசி நிமிடத்தில் ஓடுகிற ஆளின் கண்ணில் எதுவும் படாது. முதல் மாதம் என் பக்கங்கள் ஏன் காலியாக இருந்தன என்று பார்த்தபோதுதான் இது புரிந்தது: காலை நேரம் முழுவதும் நான் ஓட்டத்தில் இருந்தேன். பத்து நிமிடம் முன்னதாக எழுந்திருப்பது எனக்குக் கசப்பான விஷயம், இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் இந்த முழு வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் அதைச் செய்யுங்கள்.

முன்னதாகக் கிளம்பி நிதானமாக நடந்தாலும் மனம் அங்கே இருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக நேரம் காலமில்லாமல் 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா?' என்று கேட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய 47 சதவீதத் தருணங்களில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்தபோது அவர்கள் சொன்ன மகிழ்ச்சியின் அளவும் குறைவாக இருந்தது. ஆகவே, மனம் அலைவதை நிறுத்தப் பார்க்காதீர்கள், அது நடக்காது. நாளில் ஒரு பத்து நிமிடத்துக்கு மட்டும், ஒரே ஒரு வழியில் மட்டும், காதில் எதையும் மாட்டாமல் நடங்கள். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை, அல்லது மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை. அது போதும்.

3. எப்போது எழுதுவது, எத்தனை எழுதுவது

'படுக்கப் போகும் முன் எழுதுங்கள்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. கண் சொக்கும் நேரத்தில் வரும் ஒரே நல்ல நினைவு தூக்கம்தான். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு ஒட்டவைப்பது எளிது. நான் கைப்பேசியைச் சார்ஜில் போடும்போது எழுதுகிறேன். குறிப்பேடு சார்ஜர் பக்கத்திலேயே கிடக்கும். சிலர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் எழுதுவார்கள். எது தவறாதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை? இதில் இரண்டு ஆய்வுகள் இரண்டு பக்கம் இழுக்கும், இரண்டும் உதவும். 2005-இல் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் மட்டும் தினமும் இரவு மூன்று நல்ல விஷயங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. குறிப்பாக, வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களிடம். அதே 2005-இல் சோனியா லியுபோமிர்ஸ்கி குழு சொன்ன ஆய்வில், ஆறு வாரங்களுக்கு, நன்றிக்குரியவற்றை வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அளவு மிஞ்சியதும் அது கடமையாகிவிடுகிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். என் மூன்றாவது முயற்சி அதற்குச் சாட்சி.

ஆகவே நான் சொல்லும் அட்டவணை: முதல் வாரம் தினமும், நாளுக்கு ஒன்று முதல் மூன்று வரை. கண் பழக அது தேவை. இரண்டாவது வாரத்திலிருந்து, ஏதாவது உண்மையாகவே கண்ணில் பட்ட நாளில் மட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எழுதினாலே நன்றாகப் போகிறது என்று அர்த்தம்.

4. எழுதும் முறை

ஒரே வாக்கியம். எங்கே, யார், என்ன என்பதோடு, கண்ணிலோ காதிலோ மூக்கிலோ கையிலோ பட்ட ஒரு விவரம். 'இன்று மாலை மிகவும் அழகாக இருந்தது' என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துப் படிக்கும்போது உங்களுக்கே ஒன்றும் விளங்காது. 'ஐந்தரை மணி, மாடிப்படி, வெயில் கைப்பிடிக் கம்பி வழியாக விழுந்து சுவரில் கோடு கோடாக இருந்தது' என்று எழுதினால் அந்த மாடிப்படியில் மறுபடி நிற்கலாம்.

அழகான, அருமையான, இனிமையான ஆகிய மூன்று சொற்களுக்கும் முதல் மாதம் தடை போடுங்கள். அவை இல்லாமல் எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் கண் தானாக விவரத்தைத் தேடும்.

இவ்வளவு சின்னதை எழுதி என்ன ஆகப்போகிறது என்ற சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. டிங் ஜாங் என்பவரின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வொன்று அந்தச் சந்தேகத்தையே சோதித்துப் பார்த்திருக்கிறது. அண்மையில் பேசிய பேச்சு, சமீபத்தில் கேட்ட பாட்டு என்று அன்றாடத் துணுக்குகளைப் பதிவுசெய்யச் சொல்லி, 'சில மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆர்வமாக இருப்பீர்கள்?' என்று கேட்டார்கள். பங்கேற்றவர்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது என்றார்கள். சில மாதம் கழித்துக் கையில் கொடுத்தபோது, சொன்னதைவிட அதிக ஆர்வத்தோடு படித்தார்கள். விசேஷ நாளின் பதிவைவிடச் சாதாரண நாளின் பதிவில்தான் அவர்களுடைய கணிப்பு கூடுதலாகத் தவறியது. காரணம் எளிது: விசேஷ நாள் நினைவில் நிற்கும், சாதாரண நாள் நிற்காது.

5. நேரம் குறித்துக் காத்திருக்கக் கூடியவை: வானம்

குழந்தை எப்போது கையசைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வானத்தில் நடப்பவற்றுக்குக் கால அட்டவணை உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன். நேரம் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது, இலவசம் வேறு.

சூரிய அஸ்தமனம். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் சூரிய வட்டம் அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுக்க மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் ஆகும். துருவங்களை நோக்கிப் போகப் போக நேரம் நீளும். ஆட்கள் செய்யும் தவறு, வட்டம் மறைந்ததும் கிளம்பிவிடுவது. உயரத்தில் மேகம் இருக்கும் நாளில் நிஜமான காட்சி அதற்குப் பிறகுதான். அடிவானத்துக்குக் கீழே போன சூரியன் மேகத்தின் அடிவயிற்றுக்கு வெளிச்சம் போடும். சிவப்பும் ஊதாவும் அப்போதுதான் ஏறும். இன்னும் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். ஒரு துளி மேகமும் இல்லாத வானம் பெரும்பாலும் ஏமாற்றிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வானவில். இதை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். பாதிதான் அதிர்ஷ்டம், மீதி கணக்கு. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், மழை எதிரே பெய்ய வேண்டும், சூரியனின் உயரம் 42 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் தரையில் நிற்பவருக்கு உச்சிவெயில் நேரத்தில் வானவில் தெரியாது. காலையில் மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே பாருங்கள். மழை ஓயும் நேரத்தில் வெயில் எட்டிப் பார்த்தால், எல்லோரும் வெயில் வரும் பக்கம் திரும்புவார்கள். நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். ஒன்று தெரிந்துவிட்டால் அதற்கு வெளியே சற்று மேலே இரண்டாவதைத் தேடுங்கள். மங்கலாக, நிறங்கள் தலைகீழாக இருக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள வானம் கொஞ்சம் இருண்டு தெரியும்.

நிலா. பௌர்ணமியன்று சூரியன் மறையும் வேளையை ஒட்டி நிலா எதிர்ப்பக்கம் எழும். அடுத்தடுத்த நாட்களில் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது கண்ணின் ஏமாற்று வேலை; கையை நீட்டிச் சுண்டுவிரல் நுனியால் மறைத்துப் பாருங்கள், மேலே ஏறிய பிறகும் அதே விரல் நுனி போதும். என் மனசுக்குப் பிடித்தது அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளில் மேற்கே தெரியும் மெல்லிய பிறை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், இருண்டிருக்க வேண்டிய மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பிப் போகும் வெயில் அது. அங்கே போய் மறுபடியும் நம் கண்ணுக்கு வருகிறது. வேலையில் மோசமான ஒரு நாளில் பேருந்து நிறுத்தத்தில் இதைப் பார்த்தேன். பேருந்து ஒன்றைத் தவறவிட்டேன், பரவாயில்லை.

பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. சூரியன் மறைந்த பின்னரோ உதிப்பதற்கு முன்னரோ ஓரிரு மணி நேரத்துக்குள் உங்கள் தலைக்கு மேல் கடந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். உங்கள் ஊருக்கான நேரத்தையும் திசையையும் நாசா இலவசமாகத் தருகிறது. விமானம் மின்னி மின்னிப் போகும். இது மின்னாது, சத்தமும் இருக்காது, ஒரே சீரான வெளிச்சப் புள்ளி. காட்சி சில நிமிடம்தான். ஐந்து நிமிடம் முன்னதாகவே வெளியே போய்க் கண்ணை இருட்டுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். சில நாட்களில் நடுவானத்திலேயே சட்டென்று அணைந்துவிடும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் காட்டினால் குழந்தைகள் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன்.

மண்வாசனை. வறண்ட தரையில் விழும் முதல் மழைக்குத்தான் அது வரும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. நம் மூக்கு அதை நம்ப முடியாத அளவு நுணுக்கமாகக் கண்டுபிடிக்கும். கொட்டும் மழையைவிடத் தூறல்தான் வாசனையை நன்றாகக் கிளப்பும். ஆகவே முதல் துளி விழுந்ததும் ஜன்னலைச் சாத்த ஓடாமல் ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். நனையக் கூடாதவற்றை மட்டும் முதலில் நகர்த்திவிடுங்கள். நான் ஒரு முறை மடிக்கணினியை நகர்த்த மறந்தேன்.

பறவைகள். விடியலுக்கு அரை மணி நேரம் முன்பே சத்தம் தொடங்கிவிடும். எழ முடிந்தவர்களுக்கு.

6. மனிதர்கள்

இங்கே அட்டவணை கிடையாது, வாய்ப்பை மட்டும் கூட்டலாம். பணம் கொடுக்கும்போதும் பொருளை வாங்கும்போதும் கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். என் குறிப்பேட்டில் மனிதர்கள் வரும் வரிகளில் பெரும்பாலானவை இந்த அரை நிமிடங்களில் நடந்தவை.

அந்நியரிடம் பேசுவது இன்னொரு படி. நிக்கோலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் சிகாகோ புறநகர் ரயில் பயணிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசினால் பயணம் அவ்வளவு நன்றாக இருக்காது என்றுதான் மற்றவர்கள் கணித்தார்கள்; ஆனால் பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள், மௌனமாக வந்தவர்களைவிடப் பயணம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். எனக்குப் பேச்சு சுலபமாக வராது, அதனால் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வேன். "இன்னைக்கு வண்டி சீக்கிரம் வந்துடுச்சு போல" என்பது போதும். அவர் தொடர்ந்தால் பேச்சு, தொடராவிட்டால் அமைதி. காதில் எதையாவது மாட்டியிருப்பவரையும் புத்தகத்துக்குள் முகம் புதைத்திருப்பவரையும் விட்டுவிடுங்கள். இருட்டிய நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இந்தப் பரிசோதனையே வேண்டாம்.

வீட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன், அது எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. "நாள் எப்படிப் போச்சு?" என்பதற்குப் பதிலாக "இன்னைக்கு நல்லதா என்ன பார்த்தே?" என்று கேட்கத் தொடங்கினேன். முதல் வாரம் மகள், "ஒண்ணும் இல்லப்பா" என்றாள். இரண்டாவது வாரம், "ஒரு நாய் மல்லாக்கப் படுத்துத் தூங்குச்சு. நாலு காலும் மேல. செத்துப் போச்சோன்னு பக்கத்துல போனா, வால ஆட்டுச்சு" என்றாள். இப்போதெல்லாம் நான் கேட்க மறந்தால் அவளே வந்து நிற்கிறாள். ஒரு எச்சரிக்கை: அவர்கள் சொல்லும்போது நீங்கள் கைப்பேசியைப் பார்த்தபடி "ம்" என்றால், மூன்றாவது நாள் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

7. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

படம் எடுக்கும் அவசரம். லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருளை முழுதாகப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாக நினைவில் வைத்திருந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. நான் வைத்துக்கொண்ட விதி: மனசுக்குள் பத்து எண்ணும் வரை பார், அப்புறம் வேண்டுமானால் ஒரே ஒரு படம். நிலாவுக்கு அதுவும் வேண்டாம். பெரும்பாலான கைப்பேசிப் படங்களில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் வரும்.

உடனே பகிர்வது. பகிர்ந்த பிறகு எத்தனை பேர் விரும்பினார்கள் என்று பார்க்கப் போவீர்கள். வானவில்லுக்கு மதிப்பெண் போட்ட மாதிரி ஆகிவிடும். குறைந்தது ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்; மறுநாள் பெரும்பாலும் பகிரத் தோன்றாது.

விட்டுப்போன நாட்களை நிரப்புவது. நான்கு நாள் எழுதவில்லை என்றால் ஐந்தாவது நாள் உட்கார்ந்து நான்கையும் யோசித்து நிரப்பாதீர்கள். பாக்கி சேரச் சேரக் குறிப்பேட்டைத் திறக்கவே பயம் வரும். என் டைரி பதினோராவது நாளில் நின்றதற்கு அதுதான் காரணம். போன நாள் போனதுதான்.

ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதுவது. எதுவும் பழகினால் மழுங்கும். தலையணையின் குளிர்ந்த பக்கம் மூன்றாவது முறை வந்தால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு வேறு பக்கம் பாருங்கள்.

இன்னொன்று, இதை அடுத்தவர் மீது ஏவுவது. துக்கத்திலோ கோபத்திலோ இருப்பவரிடம் போய் "நல்லதைப் பாரேன்" என்று சொல்லாதீர்கள். நான் ஒரு முறை சொன்னேன். அந்த நண்பர் ஒரு மாதம் பேசவில்லை, அவர் மேல் தப்பே இல்லை.

8. ஒன்றுமே கிடைக்காத நாளில்

அப்படி நாட்கள் வரும். மூன்று வழிகள் வைத்திருக்கிறேன். முதலில் 'தப்பித்தோம்' வகையைத் தேடுவேன். அதுவும் இல்லையென்றால் தேதியைப் போட்டு 'இன்று ஒன்றுமில்லை' என்று எழுதுவேன். அதுவும் உண்மையான பதிவுதான். அதையும் எழுத மனமில்லாத நாளில் பழைய பக்கம் எதையாவது புரட்டிவிட்டு மூடிவிடுவேன்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே கிடக்கிறது, தூக்கமோ பசியோ குலைந்துவிட்டது என்றால் அது குறிப்பேட்டு விவகாரம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். காய்ச்சலை வானவில்லால் இறக்க முடியாது.

9. முதல் முறை திரும்பிப் படிப்பது

முப்பது நாளுக்கு முன் படிக்காதீர்கள். ஒரு வாரத்திலேயே படித்தால் எல்லாம் நினைவிருக்கும், சப்பென்று இருக்கும். மாதம் முடிந்ததும் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். படிக்கும்போது இரண்டு விஷயங்களை மட்டும் ஓரத்தில் குறியுங்கள்: எந்த நேரம், எந்த இடம்.

என் பக்கங்களில் பாதிக்கும் மேல், வீட்டு வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் நடந்தவை. அந்தத் தூரத்தை மிச்சம் பிடிக்க இருசக்கர வாகனம் வாங்கலாம் என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். வாங்கவில்லை. வார இறுதிகள் ஏறக்குறைய காலியாக இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாளும் நான் திரைக்கு முன்னால் இருந்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை சூரியன் மறையும் நேரத்துக்கு மாடிக்குப் போவது அதிலிருந்து வந்த பழக்கம். உங்கள் பக்கங்கள் வேறு எதையாவது சொல்லும். அது சொல்லும் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் அடுத்த மாதம் செய்து பாருங்கள்.

குறிப்பேடு தீர்ந்ததும் அட்டையில் தொடங்கிய தேதியையும் முடிந்த தேதியையும் எழுதி, கையெட்டும் இடத்தில் வையுங்கள். பரணில் போட்டால் அவ்வளவுதான். பென்சிலால் எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு: என் முதல் குறிப்பேடு பேனாவால் எழுதியது, பைக்குள் தண்ணீர்ப் புட்டியின் மூடி கழன்று ஏழு வாரம் நீலக் கறையாகிவிட்டது. அதில் இப்போது படிக்க முடிவது ஒரே ஒரு வரி, 'மழை நின்றதும்' என்று தொடங்குகிறது. மழை நின்றதும் என்ன நடந்தது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.